நான் நிறுத்தி வைத்த கடிதங்கள்

எங்கள் வீட்டில் எனக்குத் தற்பெருமை ஜாஸ்தி என்று சொல்வார்கள். சொல்லட்டும். இதை எழுத உட்கார்ந்ததே பெருமை அடித்துக்கொள்ளத்தான். தொண்ணூறுகளின் கடைசியில், தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நான் ஒரு சல்லடை செய்தேன். மாவு சலிக்கிற சல்லடை இல்லை, ஈமெயில் சலிக்கிற சல்லடை. அப்போது இந்த ஊரில் வேறு யாரிடமாவது அப்படி ஒன்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். மறுத்துப் பேச யாராவது வந்தால் சண்டை போடத் தயார்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. வீட்டில் கம்ப்யூட்டரும் டெலிபோனும் இருப்பவர்களுக்கு ஈமெயில் முகவரி கொடுப்பது தொழில். மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர் பக்கம் சில நூறு வாடிக்கையாளர்கள். பாதிப் பேருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில். மீதிப் பேர் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள். வீட்டிலிருந்து மோடம் வழியாக எங்கள் எண்ணை டயல் செய்வார்கள். அது கீச்சென்று கத்திக் கரகரத்து அடங்கிய பிறகு கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். இறங்கி முடிகிற வரை வீட்டுப் போன் எங்கேஜ்டு. யாராவது ஒரு பெரிய படத்தை அனுப்பித் தொலைத்தால் அரை மணி நேரத்துக்கு அந்த வீட்டுக்கு யாரும் பேச முடியாது.

நான் ஆதம்பாக்கத்திலிருந்து வருவேன். பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, எவர்சில்வர் குடங்கள் அடுக்கிய படிக்கட்டில் ஏறினால் ஆபீஸ். மெஷின் ரூமில் மட்டும் ஏசி உண்டு. அது மனிதர்களுக்காக இல்லை, மெஷினுக்காக. சேர்ந்த முதல் வாரமே என் மேஜையை அந்த ரூமுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன். 'இங்கே பெண்கள் உட்காருவதில்லை' என்று ஒருத்தர் சொல்லிப் பார்த்தார். அவர் எதிரிலேயே நாற்காலியையும் இழுத்து வந்து போட்டேன்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். அவர் குடும்பத்துக்கு அதே தெருவில் ஜவுளிக்கடை. அண்ணன் தம்பி எல்லாரும் துணி விற்க, இவர் ஒருவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். கடைப் பையன்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள். மாடி ஏறிவிட்டால் அவரை சார் என்று கூப்பிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் குப்பைக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. வீட்டில் இருந்தபடியே கோடீஸ்வரர் ஆகலாம், முப்பது நாளில் இளைக்கலாம், வழுக்கையில் முடி முளைக்கும். எங்கிருந்து வருகின்றன, எப்படி முகவரி தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை. திட்டு மட்டும் எனக்குத்தான். அடையாறில் ஒரு ரிடையர்டு ஜட்ஜ் காலையில் போன் பண்ணி, "எனக்கு வழுக்கைன்னு அவனுக்கு யாரும்மா சொன்னது?" என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அது மார்க் போடும். பரீட்சை மார்க்குக்கு நேர் எதிர், அதிகம் வாங்கினால் ஃபெயில். ஆங்கிலத்தில் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் இரண்டு மார்க். அர்ஜென்ட், உடனே, இலவசம் மாதிரி வார்த்தை இருந்தால் இரண்டு. இதுவரை கடிதம் போடாத புது முகவரி என்றால் இரண்டு. ஐந்துக்கு மேல் போனால் உள்ளே விடாது. முதல் நாள் அது பிடித்த குப்பையைப் பார்த்து, பாத்திரக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். ஒரு வாரம் யாரும் போன் பண்ணித் திட்டவில்லை.

எட்டாம் நாள் ஒருவர் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, அரைக்கை சட்டை, கையில் மஞ்சள் பை, எழுபது வயதுக்குள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஒரே பெண், கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். ஒரு வாரமாகப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை, பழைய ஆபீஸ் சிநேகிதர்களிடமிருந்தும் வரவில்லை.

எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் என் சல்லடையில் மாட்டியிருந்தன. அதை வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்கு மகள் முகவரிகூடப் புதுசு. அந்த வீட்டு மனிதர்கள், அவருடைய சிநேகிதர்கள், யாருக்குமே சின்ன எழுத்து என்ற ஒன்று இருப்பது தெரியாது போலிருந்தது. எல்லாம் தந்தி பாஷை. 'வந்து சேர்ந்தோம். பனி. சாப்பிட்டாயிற்று.' இதுதான் மகள் எழுதிய கடிதம், முழுசாக. தலைப்பு ஒவ்வொன்றிலும் அர்ஜென்ட்.

"ஏன் சார், எல்லாத்தையும் பெரிய எழுத்துலயே எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மெஷின்ல வேற எழுத்தே கிடையாதும்மா. முப்பத்தஞ்சு வருஷம் அப்படியே அடிச்சுண்டு இருந்துட்டேன். சின்ன எழுத்துல எழுதினா எனக்கு என்னவோ ரகசியம் பேசற மாதிரி இருக்கு. என் பொண்ணுக்கும் அப்படியே படிஞ்சுபோயிடுத்து."

"அர்ஜென்ட்னு போட்டுட்டு உள்ள ஒண்ணும் அர்ஜென்ட்டா இல்லியே?"

"அர்ஜென்ட் இல்லேன்னா ஏன் எழுதணும்?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவருக்கு வேண்டியவர்கள் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டேன். இந்த முகவரியிலிருந்து வந்தால் மார்க் போடாதே என்று சல்லடைக்குச் சொல்லி வைத்தேன். அன்று மாலை ரயிலில் போகும்போதுதான் உறைத்தது. சல்லடை ஒன்று, வீடு சில நூறு. ஒரே கண்ணியில் எல்லார் வீட்டு மாவையும் சலித்தால் யார் வீட்டிலோ ரவை போய்விடும். மறுநாள் ஒரு அரைப்பக்கப் படிவம் தயார் செய்து ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். தெரியாதவர்கள் கடிதம் வேண்டுமா, படமோ கோப்போ ஒட்டி வந்தால் வேண்டுமா, பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்பியது வேண்டுமா, டிக் அடித்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன்.

வந்த பதில்களை வைத்தே ஒரு புத்தகம் போடலாம். நந்தனத்தில் ஒரு டாக்டர், 'தெரியாதவர் ஒருவரும் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டிருந்தார். பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த ஒரு அப்பா, 'தெரியாதவர் மட்டும் போதும், தெரிந்தவர்களை எல்லாம் பார்த்தாயிற்று' என்று எழுதியிருந்தார். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று சுற்றுகிற சாமிக் கடிதங்களை நான் நிறுத்தியிருந்தேன். திருவான்மியூர் அம்மா ஒருவர் போன் பண்ணி, "நீ நிறுத்திட்டே, நான் பத்துப் பேருக்கு அனுப்பல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து பாப்பியா?" என்று கேட்டார். அவருக்குச் சாமிக் கடிதத்தை மட்டும் திறந்துவிட்டேன். எது குப்பை என்று சொல்ல நான் யார்? அவரவர் வீட்டு வாசலுக்கு அவரவர்தான் சொந்தக்காரர்.

இந்த ஞானத்தோடு நான் நிம்மதியாக இருந்தது மூன்று மாதம். பிறகு புதுவருஷ வாழ்த்து ஒன்று வந்தது. கூடவே ஒட்டியிருந்த சின்ன ப்ரோக்ராமைத் திறந்தால் திரையில் வாணவேடிக்கை தெரியும். பார்க்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவருடைய கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, அவர் யாருக்கெல்லாம் கடிதம் எழுதுகிறாரோ அவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிவிடும். அடையாறில் தோல் பை ஏற்றுமதி செய்கிற ஒருவர், என் படிவத்தில் 'எதையும் நிறுத்தாதே' என்று டிக் அடித்திருந்தார். வாணவேடிக்கையை இரண்டு தரம் ரசித்தார். மதியத்துக்குள் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வீட்டில் அது வெடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. மூன்று போன்களும் மாறி மாறி அடித்தன.

ஏற்றுமதிக்காரரிடம் இனிமேல் உங்களுக்கும் ப்ரோக்ராம் ஒட்டிய கடிதம் வராது என்றேன். நான்தான் வேண்டுமென்று டிக் அடித்திருக்கிறேனே என்று குதித்தார். "சார், உங்க வீட்டு பக்கெட்ல நீங்க என்ன வேணா கரைச்சுக்கங்க. தெருத் தொட்டியில கரைக்காதீங்க. அது எல்லாரும் குடிக்கிற தண்ணி" என்றேன். அவர் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எதைப் படிப்பது என்பது அவர் இஷ்டம், அடுத்தவன் வீட்டில் எது வெடிக்க வேண்டும் என்பது அவர் இஷ்டம் இல்லை. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதலாளி பயந்துவிட்டார். மறுநாள் காலை மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இனிமே எதையும் ஒட்டிக்கிட்டு வந்தா நிறுத்திரு. நிறுத்துனதை அப்பவே அழிச்சிரு. எதுக்கு வச்சுக்கிட்டுக் காவல் காக்கணும்?"

"நிறுத்தறது சரி சார். அழிக்கக் கூடாது."

"என்னம்மா இப்படிச் சொல்லுத? டிஸ்க்ல இடம் ஏது?"

"உங்க அண்ணன் கடையில புடவை எடுத்துப் போடறாங்க. அந்தம்மா இது வேண்டாம்னு தள்ளி வைக்கறாங்க. உடனே அதைக் கிழிச்சா போடறீங்க? மடிச்சு அடுக்கித்தானே வைக்கறீங்க? சாயங்காலம் திரும்பி வந்து அந்தப் பச்சைப் புடவையக் காட்டுன்னு கேட்டா?"

ஜவுளிக்கடைக்காரர் ரத்தம், வேலை செய்தது. பத்து நாள் வைத்துக்கொள்ளலாம், இடம் நெருக்கினால் அழித்துவிட வேண்டும் என்ற பேச்சோடு இறங்கிப் போனார். ப்ரோக்ராம் ஒட்டிய கடிதம் யாருக்கும் கிடையாது என்று வைத்தேன். தெரியாத முகவரியிலிருந்து வேறு எது ஒட்டி வந்தாலும் பத்து நாள் காவலில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தினமும் காலையில் ஒரு பட்டியல் போகும். நேற்று உங்களுக்கு வந்ததில் இன்னார் எழுதிய இன்னின்ன கடிதங்களை நிறுத்தியிருக்கிறோம், வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லிப் பதில் போடுங்கள் என்று. பட்டியலுக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 'சர்வீஸ் நோட்டீஸ்' என்று தலைப்புக் கொடுத்தேன். அந்தத் தலைப்பில் எனக்கு ரொம்பத் திருப்தி.

இதற்கிடையில் தந்தி மாமாவோடு பழக்கமாகிவிட்டது. நேரில் சார்தான், ஆபீசில் எங்களுக்குள் தந்தி மாமா. மோடம் மக்கர் செய்தால் போன் பண்ணுவார். வாடிக்கையாளர்களில் மோடம் கத்துகிற சத்தத்தை வைத்தே லைன் நிற்குமா அறுந்துவிடுமா என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "இன்னிக்கு சுருதி சேரலை, நான் சாயங்காலம் பண்ணிக்கறேன்" என்று வைத்துவிடுவார். சொன்னபடியே அரை மணியில் எக்ஸ்சேஞ்சில் கோளாறு என்று தெரியவரும்.

ஒருநாள் அப்படிப் பேசும்போது அவராகவே ஒரு விஷயம் சொன்னார். பெண் உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம். ஏதோ சிக்கல், டாக்டர் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது என்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. மாமி போயாக வேண்டும். விசா கேட்டுப் போனபோது, பெண்ணின் டாக்டரிடமிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டால் அடுத்த தேதி குழந்தை பிறந்த பிறகுதான் கிடைக்கும். "ஆத்துல பிரசவ லேகியம் கிளறி, பாட்டில்ல போட்டு, பெட்டி மேல வெச்சாச்சு. லெட்டர் வரவேண்டியதுதான் பாக்கி" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை டிஸ்க் நிரம்பிவிட்டது. முதலாளி படியேறி வந்து, "பேசினபடி அழிச்சிரு" என்றார். பேசினது பேசினதுதான், நான் மறுக்க முடியாது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. மோடம் வாங்கும்போது கூடவே இலவசமாக வருகிற ஃப்ளாப்பிகள் ஒரு மூட்டை கிடந்தன. அவற்றைத் துடைத்து, மேலே காகிதம் ஒட்டித் தேதி எழுதி, நிறுத்தி வைத்த கடிதங்களை எல்லாம் நகல் எடுத்தேன். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போயிற்று. பிறகுதான் அழித்தேன். ஃப்ளாப்பிகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி மேஜைக்கு அடியில் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "வேண்டாத காயிதத்துக்கு இவ்வளவு கரிசனமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வைத்ததற்குக் காரணம் கேட்டால் அன்றைக்கு என்னிடம் இல்லை. என் சல்லடை மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அது தப்பே பண்ணாது என்கிற நம்பிக்கை மட்டும் இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குத் தந்தி மாமா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. மஞ்சள் பை இல்லை. அவர் கை வீசி நடந்து நான் பார்த்ததில்லை.

"அம்மா, டாக்டர் லெட்டர் வரவே இல்லை. நாளைக்குக் காலம்பற விசாவுக்கு நிக்கணும். ராத்திரி மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒம்பது நாளைக்கு முன்னாடியே ஈமெயில்ல அனுப்பிச்சாச்சுங்கறார். கையெழுத்துப் போட்ட டாக்டர் இந்த வாரம் ஊர்லயே இல்லையாம். அவர் இல்லாம ஆஸ்பத்திரியில திரும்ப அனுப்ப மாட்டாளாம்."

ஆஸ்பத்திரி. புது முகவரி. அர்ஜென்ட் என்ற தலைப்பு. கடிதத்தை ஸ்கேன் செய்து ஒட்டிய படம். என் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"சார், நாங்கதான் நிறுத்தியிருப்போம். ஆனா மறுநாள் காலையிலயே உங்களுக்குப் பட்டியல் வந்திருக்குமே. தினமும் வருதே, சர்வீஸ் நோட்டீஸ்னு. நீங்க பாக்கலியா?"

"வரதே. தினம் வரது. நான் திறக்கலை."

"ஏன் சார்?"

"சர்வீஸ்னு போட்டிருந்ததே." என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்ற ஆச்சரியம் இருந்தது. "எங்க டிபார்ட்மெண்ட்ல சர்வீஸ் மெசேஜ்னா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசோட பேசிக்கறது. பப்ளிக்குக்கு சம்பந்தம் இல்லை. நான் இப்போ பப்ளிக். உங்க ஆபீஸ் சமாசாரத்தை நான் எப்படிப் படிப்பேன்? தப்பா எனக்கு வந்துண்டிருக்குன்னு நெனச்சேன். சொன்னா உனக்குத் திட்டு விழுமேன்னு சொல்லலை."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த மனிதரைப் பொறுத்தவரை அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. முப்பத்தைந்து வருஷ ஒழுக்கம். தப்பு என்னுடையது. எல்லார் விருப்பத்தையும் படிவம் போட்டுக் கேட்டவள், நான் சொல்வது அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று மட்டும் கேட்கவில்லை. கம்பீரமான தலைப்பு வேண்டியிருந்தது எனக்கு. அதற்குள் ஒரு அம்மாவின் பயணம் ஒன்பது நாள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

டின்னை இழுத்தேன். ஒன்பது நாளுக்கு முந்தைய தேதியில் மூன்று ஃப்ளாப்பிகள். முதலாவதில் இல்லை. இரண்டாவதைப் போட்டேன். டிரைவ் கர் கர் என்று அரைத்தது, படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. திரும்பப் போட்டேன், அதேதான். இலவச ஃப்ளாப்பி, வேறென்ன எதிர்பார்க்க முடியும். மூன்றாவதைப் பார்த்தேன், அதில் வேறு யார் யாருடைய கடிதங்களோ. அப்படியென்றால் இரண்டாவதில்தான் இருக்கிறது. மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நெட்வொர்க்கில் சேர்க்காதது. விஷம் இருக்குமோ என்று சந்தேகப்படுகிற கோப்புகளைத் திறந்து பார்க்க வைத்திருந்தேன், வெடித்தாலும் அதோடு போகட்டும் என்று. இரண்டாவது ஃப்ளாப்பியை அதில் போட்டேன். இதுவும் அரைத்தது. நான் வெளியே எடுக்கக் கை நீட்டினேன்.

"இரு, எடுக்காதே" என்றார் மாமா. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அது தேடறது. முன்ன மாதிரி முட்டலை. விடு, படிச்சுடும்."

விட்டேன். அரைத்துக்கொண்டே இருந்தது. பிறகு சத்தம் மாறி ஒரே சீராக ஓடியது. பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. நடுவில் ஒன்று, பெரிய எழுத்தில், அர்ஜென்ட் என்று.

படத்துக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்தேன். அந்த நேரத்திலும் சோதித்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சுத்தமாக இருந்தது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, "நீங்க உக்காந்து திறங்க சார். உங்க வீட்டுக் கடிதம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றேன். வாடிக்கையாளர் கடிதத்தை நான் படித்ததில்லை. தலைப்பையும் அனுப்பியவர் பெயரையும் பார்ப்பதோடு சரி.

"நீ பார்த்தாலும் பாதகமில்லை" என்றார். "நானும் முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவா ஆத்து சாவையும் கல்யாணத்தையும் இந்த விரலால அடிச்சவன்தான். கண்ணு பார்க்கும். அத்தோட சரி." இருந்தாலும் நான் திரும்பவில்லை.

பிரிண்டரில் காகிதம் வந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், முதலாளி மேஜையிலிருந்து நான் கேட்காமல் எடுத்துக் கொடுத்த ஃபைலில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது பாத்திரக் கடை ஆள், "இன்னா பெரியவரே, மெதுவா எறங்கு, குடம் கீது" என்று கத்தியது கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏசி ரூமில் எனக்கு வேர்த்திருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. "கிடைச்சுடுத்து" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அன்றைக்கே 'சர்வீஸ் நோட்டீஸ்' என்ற தலைப்பை எடுத்தேன். 'உங்களுக்கு வந்த கடிதங்கள், எங்களிடம் இருக்கின்றன' என்று வைத்தேன். கம்பீரம் இல்லை, புரிந்தது. பட்டியலைத் திறந்து பார்த்து ஒரு பதில் போடாதவர்களுக்கு வாரம் ஒருமுறை நானே போன் பண்ணினேன். தந்தி மாமாவுக்கு அந்தத் தேவை வரவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து பதில் வந்துவிடும். 'பட்டியல் பார்த்தேன். வேண்டியது இல்லை.' கடிதம் கிடைத்ததற்கு ஒப்புதல் கொடுக்காமல் இருப்பது அவர் டிபார்ட்மெண்டில் குற்றம்.

முதலாளி இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னார். புது வாடிக்கையாளர் வந்தால் பிஸ்கட் டின்னைக் காட்டி, "நம்மகிட்ட காயிதம் தொலையாது, பாத்துக்கிடுங்க" என்பார், ஏதோ அவரே மதியச் சாப்பாட்டை விட்டு நகல் எடுத்த மாதிரி. அடுத்த மாதம் பெரிய டிஸ்க் வாங்கிக் கொடுத்தார், அதனால் மன்னித்துவிட்டேன்.

மாமி கிளம்பிப் போய் ஐந்து வாரம் இருக்கும். ஒரு காலை, வழக்கம்போல எல்லார் பட்டியலையும் அனுப்பிவிட்டு, கடைசியாக எனக்கு வந்த பட்டியலைத் திறந்தேன். எனக்கும் அதே சல்லடைதான். நான் செய்தது என்பதற்காக எனக்கு மட்டும் கண்ணியைப் பெரிசு பண்ணிக்கொள்ளவில்லை. வழக்கமான இளைக்கிற மருந்து, கோடீஸ்வர யோசனை, இரண்டுக்கும் நடுவில் அமெரிக்காவிலிருந்து ஒன்று. தெரியாத முகவரி, இரண்டு மார்க். முழுக்கப் பெரிய எழுத்து, இரண்டு. தலைப்பு அர்ஜென்ட், இரண்டு. ஆறு மார்க் வாங்கி, சட்டப்படி காவலில் இருந்தது. மாமாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல், அந்தப் பெண் எனக்கும் ஒன்று போட்டிருந்தாள்.

என் கையாலேயே அதை வெளியே விட்டேன்.

'பெண் பிறந்தது. இருவரும் நலம். அம்மா அருகில். மாடிப் பெண்ணுக்கு நன்றி.'

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வார்த்தை. ஒரு வார்த்தையைக்கூட வீணாக்காத குடும்பம் அது. அந்த ஒன்பதில் மூன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.